கார்டு பின் எண்ணை மென்பொருளில் உருவாக்குவதும் என்க்ரிப்ட் செய்வதும்: முழுமையான வழிகாட்டி

நான்கு இலக்கப் பின் எண்ணுக்கு 0000 தொடங்கி 9999 வரை மொத்தமே 10,000 வாய்ப்புகள். சாதாரண மடிக்கணினிகூட அத்தனையையும் ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்த்துவிடும். அப்படியிருந்தும் ஏடிஎம்மில் அது தாக்குப்பிடிக்கிறதென்றால், மூன்று முறை தவறாக அடித்ததும் கார்டை முடக்கும் வேலிதான் காரணம். அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து கிடைத்துவிட்டால், அல்காரிதம் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. சந்து ஒரு லாக் கோப்பாக இருக்கலாம், ஒரு டேட்டாபேஸ் வரியாக இருக்கலாம், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு ஏபிஐயாகவும் இருக்கலாம். இந்த வழிகாட்டியில் வரும் படிகள் பலவும் அப்படி ஒரு சந்தை அடைப்பதற்கானவை.

படிக்கும் முன் ஒரு குறிப்பு: ஹெக்ஸ் எனும் 16 இலக்க எண்முறையில் 9-க்கு மேல் வரும் ஆறு இலக்கங்களை இங்கே ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று எழுதியிருக்கிறோம்.

மென்பொருளிடம் எதைக் கொடுக்கலாம்

கார்டுத் துறைக்குப் பாதுகாப்பு விதி வகுக்கும் பிசிஐ அமைப்பின் கணக்குப்படி, வாடிக்கையாளரின் உண்மையான பின் எண், என்க்ரிப்ட் செய்யாத திறந்த வடிவில் இருக்கலாகும் இடம் பாதுகாப்புச் சாதனத்தின் உட்புறம் மட்டுமே. ஏடிஎம்மின் பின் பலகை, கடையில் இருக்கும் ஸ்வைப் மெஷின், வங்கி டேட்டா சென்டரில் இருக்கும் எச்எஸ்எம் ஆகியவை அந்த வகை. எச்எஸ்எம் என்பது, மூடியைக் கழற்ற முயன்றால் உள்ளே இருக்கும் சாவிகளை (என்க்ரிப்ட் செய்ய உதவும் ரகசிய எண்களை) தானே அழித்துவிடும் பெட்டி. உங்கள் ஜாவா சர்வரின் ரேம் இந்த வரிசையில் வராது.

ஆகவே முழுக்க மென்பொருளிலேயே பின் உருவாக்கி என்க்ரிப்ட் செய்வது மூன்று இடங்களுக்குத்தான் பொருந்தும்: பரிவர்த்தனைகளை வங்கிகளுக்கு வழிமாற்றும் ஸ்விட்ச்சைச் சோதிக்கும் சிமுலேட்டர், எச்எஸ்எம் தந்த விடை சரியா என்று ஒப்பிடும் கருவி, பாடம் படிப்பது. உற்பத்திச் சூழலில் மென்பொருளின் வேலை கட்டளை அனுப்புவதும் விடையைச் சேமிப்பதும்தான். தாலஸ் நிறுவனத்தின் பேஷீல்டு எச்எஸ்எம் என்றால் 'ஜேஏ' கட்டளை தற்செயல் பின் ஒன்றை உருவாக்கி, பெட்டியின் உள்சாவியால் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) தரும். 'டிஜி' கட்டளை அந்தப் பூட்டிய பின்னிலிருந்து சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும். அமேசானின் பேமென்ட் கிரிப்டோகிராஃபி சேவையும் இதையே கிளவுடில் செய்கிறது. இரண்டிலும் திறந்த பின் உங்கள் நிரலுக்குள் வருவதே இல்லை. அப்படியென்றால் உள்ளே நடப்பதை ஏன் கற்க வேண்டும்? பெட்டி பிழைக்குறி ஒன்றை மட்டும் துப்பிவிட்டு நிற்கும்போது, தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

படி 1: சாய்வில்லாத நான்கு இலக்கம்

மொழியோடு வரும் சாதாரண ரேண்டம் செயல்கூறு வேண்டாம். அதன் சில வெளியீடுகளைப் பார்த்தே அடுத்ததைக் கணித்துவிடலாம். இயங்குதளம் தரும் பாதுகாப்பான ரேண்டம் மூலத்தையே எடுங்கள்; ஜாவாவில் செக்யூர் ரேண்டம், பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடும் சாய்வு. இரண்டு பைட் எடுத்தால் 0 முதல் 65,535 வரை ஒரு எண் கிடைக்கும். அதை 10,000 ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 0000 முதல் 5535 வரையிலான ஒவ்வொரு பின்னும் ஏழு வழிகளில் வரும்; 5536 முதல் 9999 வரை ஆறு வழிகள்தான். தீர்வு எளிது. 60,000 அல்லது அதற்கு மேல் வந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுங்கள். தூக்கி எறிவதற்குப் பதிலாகத் திருத்தப் பார்த்தால் சாய்வு வேறிடத்துக்கு நகருமே தவிர, நீங்காது.

பின்னை எண் வகையில் வைக்காதீர்கள். 0042 என்பது 42 ஆகிவிடும். அடுத்த படியில் நீளம் 2 என்று பதிவாகி, எச்எஸ்எம் ஏற்க மறுக்கும். ஐஎஸ்ஓ 9564 தரப்படி பின் 4 முதல் 12 இலக்கம் வரை இருக்கலாம். ஜாவா ஸ்ட்ரிங்கும் நல்லதல்ல, அதை அழிக்க முடியாது, குப்பை வாரும் வரை நினைவகத்தில் கிடக்கும். பைட் வரிசையில் வைத்து, வேலை முடிந்த கையோடு பூஜ்யத்தால் நிரப்புங்கள்.

1234, 0000 போன்றவற்றைத் தடுக்க வேண்டுமா? வாடிக்கையாளரே பின் தேர்ந்தெடுக்கும் முறையில் கட்டாயம் வேண்டும். ஆனால் திறந்த பின்னை உங்கள் மென்பொருள் பார்க்கக்கூடாது என்பதால், அந்தச் சோதனையும் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். பேஷீல்டில் தடைப்பட்ட பின்களின் அட்டவணையைக் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

படி 2: பின்னைச் சேமிக்காமல் நினைவில் வைப்பது

வங்கி உங்கள் பின்னைத் திறந்த வடிவில் சேமித்து வைத்திருப்பதில்லை, வைத்திருக்கக்கூடாது. வழக்கமாக அதிலிருந்து கணக்கிட்ட சிறு எண் ஒன்றைத்தான் வைத்திருக்கிறது. இதற்கு இரண்டு முறைகள் பரவலானவை.

முதலாவது ஐபிஎம் 3624 முறை. 1970-களின் ஏடிஎம் ஒன்றின் பெயரால் இன்றும் வழங்குகிறது. கார்டு எண்ணிலிருந்து எடுத்த 16 இலக்கத்தைப் பின் சரிபார்ப்புச் சாவியால் என்க்ரிப்ட் செய்தால் 16 ஹெக்ஸ் இலக்கம் வரும். அதில் ஏ முதல் எஃப் வரையானவற்றை 0 முதல் 5 ஆக மாற்ற ஒரு அட்டவணை உண்டு. வழக்கமாக அது 0123456789012345. வெளியீடு 3 ஏ 7 எஃப் என்று தொடங்கினால் 3075 என்று ஆகும். இது இயற்கைப் பின். வாடிக்கையாளர் 4821 வேண்டும் என்றால், இலக்கத்துக்கு இலக்கம் கழித்து, மைனஸ் வந்தால் பத்தைக் கூட்டி, வித்தியாசமாக 1856 என்பதைச் சேமிப்போம். 3 உடன் 1 சேர்த்தால் 4, 0 உடன் 8 சேர்த்தால் 8, 7 உடன் 5 சேர்த்தால் 12, அதில் 2, 5 உடன் 6 சேர்த்தால் 11, அதில் 1. எங்கும் மிகுதி அடுத்த இலக்கத்துக்குப் போவதில்லை. சாதாரணக் கழித்தல் போட்டு இங்கே சறுக்குபவர்கள் உண்டு.

இந்த அட்டவணையில் 0 முதல் 5 வரை ஒவ்வொன்றும் 16-இல் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. 6 முதல் 9 வரை ஓரிடத்திலிருந்துதான். ஆகவே இயற்கைப் பின்னை அப்படியே வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அது சாய்வானது. அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. 2003-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மைக் பாண்டும் பியோட்டர் ஜெலின்ஸ்கியும் காட்டியது இது: அட்டவணையை அழைக்கும் மென்பொருளே கொடுக்கலாம் என்றிருந்தால், அதை வேண்டுமென்றே திரித்துத் திரித்து அனுப்பி, சராசரியாக 15 முயற்சியில் பின்னைக் கண்டுபிடித்துவிடலாம். எதிர்பார்த்ததோ 5,000. ஓரிடத்தில் மட்டும் 1, மற்றெல்லாம் 0 என்று ஓர் அட்டவணை கொடுத்து 0000 சரியா என்று கேட்டால், குறிப்பிட்ட இலக்கம் பின்னில் இருக்கிறதா இல்லையா என்பது 'ஆம், இல்லை' விடையிலேயே வெளிவந்துவிடும். அட்டவணையைப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். கட்டளைக்கு வெளியிலிருந்து வர விடாதீர்கள்.

இரண்டாவது, பிவிவி எனும் விசாவின் பின் சரிபார்ப்பு எண். கார்டு எண்ணின் கடைசிச் சோதனை இலக்கத்தை விட்டுவிட்டு, வலக்கோடியிலிருந்து 11 இலக்கம். அடுத்து, எந்தச் சாவி என்று காட்டும் சாவி வரிசை எண் ஒரு இலக்கம். கடைசியாகப் பின்னின் முதல் நான்கு இலக்கம். பரவலான சோதனைக் கார்டு எண் 4012 8888 8888 1881, சாவி வரிசை 3, பின் 1234 என்றால், உள்ளீடு 8888 8888 1883 1234. இதை இரட்டை நீளச் சாவியால் டிரிப்பிள் டெஸ் என்ற முறையில் என்க்ரிப்ட் செய்து, வெளியீட்டை இடமிருந்து வலமாகப் பார்த்து 0 முதல் 9 வரையான இலக்கங்களில் முதல் நான்கைப் பொறுக்க வேண்டும். வெளியீடு ஏ3 எஃப்9 பி0 7ஈ என்று தொடங்கினால் பிவிவி 3907. நான்கு தேறவில்லை என்றால் மறுபடி தொடக்கத்திலிருந்து வந்து, ஏ முதல் எஃப் வரையானவற்றிலிருந்து பத்தைக் கழித்து நிரப்புங்கள். இந்த இரண்டாம் சுற்று எப்போதாவதுதான் தேவைப்படும். அதனாலேயே சிமுலேட்டர்களில் அது எழுதாமல் விடுபட்டு, மாதங்கள் கழித்து ஒரே ஒரு கார்டு மட்டும் காரணம் தெரியாமல் மறுக்கப்படும்.

பிவிவி பற்றி இரண்டு விஷயம். ஆறு இலக்கப் பின் கொடுத்தாலும் அது முதல் நான்கைத்தான் பார்க்கிறது. இன்னொன்று, வெளியீடு சீரற்றது என்று கொண்டால், உங்கள் பின்னைத் தவிர இன்னொரு பின்னும் உங்கள் கார்டுக்குச் செல்லுபடியாகும் வாய்ப்பு ஏறக்குறைய 63 சதவீதம். பயப்பட ஒன்றுமில்லை. அது எது என்று யாருக்கும் தெரியாது, முயற்சியோ மூன்றுதான்.

இந்தியாவில் 'கிரீன் பின்' எளிதாக ஓடுவதும் இந்த அமைப்பால்தான். வாடிக்கையாளர் கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கொடுத்துவிட்டு ஏடிஎம்மில் புதுப் பின்னை இருமுறை அடிக்கிறார். அது பூட்டிய நிலையில் வங்கிக்குப் போகிறது. எச்எஸ்எம் புது பிவிவி தருகிறது. டேட்டாபேஸில் மாறுவது நான்கு இலக்கம்தான். சீல் வைத்த தாள் அச்சடிக்கும் வேலையே இல்லை. சிப்பிலும் ஆஃப்லைன் பின் இருக்கிற கார்டு என்றால் மட்டும், சிப்பை மாற்றும் ஸ்கிரிப்டையும் அதே பரிவர்த்தனையில் அனுப்ப வேண்டும். மறந்தால் சிப்பில் பழையது, சர்வரில் புதியது.

படி 3: பின் பிளாக்

பின் பிளாக் என்பது, என்க்ரிப்ட் செய்யும் முன் பின்னை அடுக்கி வைக்கும் கட்டு. அதிகம் தவறு நடப்பது இங்கேதான், ஆகவே நின்று பார்ப்போம். வெறும் 1234-ஐ என்க்ரிப்ட் செய்தால், ஒரே சாவியின் கீழ் 1234 வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே விடை வரும். அதைத் தடுக்கக் கார்டு எண்ணைக் கலக்கிறோம். வடிவம் 0 என்ற பழைய, இன்றும் பெரிதும் ஓடும் முறை இது:

முதல் புலம்: 0, பின்னின் நீளம், பின், மீதி இடமெல்லாம் எஃப், மொத்தம் 16 இலக்கம். 1234-க்கு 04 12 34 என்று தொடங்கி அதன்பின் பத்து எஃப்.

இரண்டாம் புலம்: நான்கு பூஜ்யம், பிறகு சோதனை இலக்கத்தை விட்டுவிட்டு கார்டு எண்ணின் வலது 12 இலக்கம். மேலே சொன்ன கார்டுக்கு 00 00 28 88 88 88 81 88.

இரண்டையும் எக்ஸார் செய்தால் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) கிடைப்பது 04 12 1சி 77 77 77 7ஈ 77. இதைத்தான் என்க்ரிப்ட் செய்ய வேண்டும்.

சோதனை இலக்கத்தை விட மறந்தால் என்ன ஆகும்? நீங்கள் சரியாக அனுப்பியதை, மறந்துபோன எதிர்முனை 88 88 88 88 18 81 என்ற தவறான 12 இலக்கத்தால் பிரித்துப் பார்க்கிறது என்று வையுங்கள். கிடைப்பது 04 12 94, பிறகு ஆறு எஃப், பிறகு 66 எஃப்6. முதல் இரண்டு இலக்கம் சரி. அடுத்த இரண்டு 34-க்குப் பதில் 94. நிரப்பு எஃப்களைச் சரிபார்க்காத மென்பொருள் பின் 1294 என்று நம்பி, 'தவறான பின்' என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும். மூன்று முறையில் கார்டு முடங்கும், வாடிக்கையாளரிடம் தவறே இல்லை. நிரப்பைச் சரிபார்க்கும் எச்எஸ்எம் என்றால் பிளாக்கே செல்லாது என்று சொல்லிவிடும்.

இதிலிருந்து ஒரு நல்ல வைத்தியக் குறி கிடைக்கிறது. சிமுலேட்டரில் பிளாக்கைத் திறந்து பாருங்கள். 04-இல் தொடங்கி முதல் இரண்டு இலக்கமும் சரியாக இருந்து பின்பாதி கெட்டிருந்தால் கோளாறு கார்டு எண்ணில். தொடக்கத்திலிருந்தே குப்பை என்றால் கோளாறு சாவியில்.

சோதனைக்கு எல்லோரும் எடுக்கும் 4111 1111 1111 1111 இந்த இடத்தில் உதவாது. சோதனை இலக்கத்தை விட்டாலும் விடாவிட்டாலும் அதன் 12 இலக்கமும் ஒன்றுகள்தான். தவறான நிரலும் தேறிவிடும். 5555 5555 5555 4444 எடுத்தால் வேறுபாடு நிரப்பில் மட்டும் விழும், பின் சரியாகவே தெரியும். குறைந்தது இலக்கங்கள் கலைந்திருக்கும் ஓர் எண்ணையாவது சேருங்கள்.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வடிவம் 1-இல் கார்டு எண் கலப்பதில்லை. வடிவம் 0, 3, 4-இலிருந்து அதற்கு மாற்ற அனுமதி கிடையாது. மாற்ற விட்டால் பின்னைக் கார்டிலிருந்து பிரித்து வேறொரு கார்டோடு ஒட்டலாம். வடிவம் 2 மெஷினிலிருந்து சிப்புக்குப் போவது. வடிவம் 3 என்பது 0 போன்றதே. எஃப்களுக்குப் பதில் ஏ முதல் எஃப் வரை தற்செயலாக நிரப்பும்.

படி 4: சாவியும் என்க்ரிப்ஷனும்

பிளாக் சரியாக 8 பைட். டிரிப்பிள் டெஸ்ஸின் ஒரு கட்டமும் 8 பைட். ஆகவே ஈசிபி முறை (ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக), பேடிங் (நிரப்பு பைட்) இல்லை. நூலகத்தின் இயல்பு அமைப்பை அப்படியே விட்டால் பேடிங் சேர்ந்து 16 பைட் வரும். 8 போட்டு 16 வந்தால் காரணம் இதுதான்.

இரட்டை நீளச் சாவி 16 பைட். நூலகம் 24 பைட் கேட்டால் முதல் 8 பைட்டைக் கடைசியில் மறுபடி ஒட்டுங்கள். சாவி சரியாக ஏறியதா என்று பார்க்க, எட்டு பூஜ்ய பைட்டை என்க்ரிப்ட் செய்து முதல் ஆறு ஹெக்ஸ் இலக்கத்தை ஒப்பிட வேண்டும். பாடப்புத்தகச் சோதனைச் சாவி ஒன்று உண்டு: இடது பாதி 0 முதல் எஃப் வரை ஏறுவரிசை, வலது பாதி எஃப் முதல் 0 வரை இறங்குவரிசை. அதற்கு விடை 08 டி7 பி4. உங்களுக்கு டி5 டி4 4எஃப் வந்தால் இடது பாதி மட்டும் ஒற்றை டெஸ்ஸாக வேலை செய்கிறது. இரண்டு பாதியும் ஒரே மதிப்பாக இருந்தாலும் இதே கதி, சத்தமில்லாமல்.

ஒரு சாவிக்கு ஒரு வேலைதான். பின் பூட்டும் சாவியைச் சாதாரணத் தரவுச் சாவியாகவும் ஏற்ற முடிந்தால், தரவைத் திறக்கும் கட்டளையாலேயே பின் பிளாக்கையும் திறந்துவிடலாம். அதனால்தான் சாவியோடு அதன் பயன்பாட்டையும் பிரிக்க முடியாதபடி கட்டும் கீ பிளாக் முறையைப் பிசிஐ 2019-இல் தொடங்கி மூன்று கட்டமாகக் கட்டாயமாக்கியது. ஏடிஎம், கடை மெஷின் வரை எட்டும் கடைசிக் கட்டம் 2025 ஜனவரி. சாவியைக் கையால் ஏற்றுவது என்றால் இரண்டு அல்லது மூன்று துண்டு, துண்டுக்கு ஓர் ஆள், பெட்டிக்குள் எக்ஸார். எல்லாத் துண்டும் ஒரே மின்னஞ்சலில் வந்தால் அந்தச் சாவி செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவம் 0-இல் தற்செயல் எதுவும் இல்லை. அதே கார்டு, அதே பின், அதே சாவி என்றால் அதே வெளியீடு. கடை மெஷின்களில் டக்பட் முறை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி எடுப்பது இதனால்தான்; அதன் 21 பிட் எண்ணி ஏறக்குறைய பத்து லட்சம் பரிவர்த்தனை வரை தாங்கும்.

படி 5: ஏஇஎஸ்ஸுக்கு மாறுவது

அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2023 இறுதியோடு டிரிப்பிள் டெஸ்ஸால் புதிதாக என்க்ரிப்ட் செய்வதை விலக்கிவிட்டது. கார்டுத் துறை மெதுவாகத்தான் நகர்கிறது. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால், ஏஇஎஸ் எனும் புதிய என்க்ரிப்ஷன் முறையில் ஓடும் வடிவம் 4-ஐயும் சேர்த்தே எழுதுங்கள்.

இதில் பிளாக் 16 பைட். பின் புலம் 44 12 34, பிறகு பத்து ஏ, பிறகு 8 பைட் தற்செயல். கார்டுப் புலத்தில் முதல் இலக்கம் கார்டு எண்ணின் நீளத்திலிருந்து 12-ஐக் கழித்தது, பிறகு சோதனை இலக்கம் உட்பட முழு எண், மீதி பூஜ்யம். நம் கார்டுக்கு 44 01 28 88 88 88 81 88 10, பிறகு ஏழு பைட் பூஜ்யம். வடிவம் 0-இல் பழகிய கை இங்கேயும் சோதனை இலக்கத்தை வெட்டிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் புலத்தை ஏஇஎஸ்ஸால் என்க்ரிப்ட் செய்து, வந்ததைக் கார்டுப் புலத்தோடு எக்ஸார் செய்து, அதே சாவியால் மறுபடி என்க்ரிப்ட் செய்யுங்கள். தற்செயல் பைட்கள் இருப்பதால் ஒவ்வொரு முறையும் விடை மாறும். வெளியீட்டை நேரடியாக ஒப்பிடும் சோதனைகள் உடையும், திறந்து பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அனுப்புவதற்கு முன்

கார்டுப் பரிவர்த்தனைக்கான ஐஎஸ்ஓ 8583 தரச் செய்தியில் பின் பிளாக்கின் இடம் 52-ஆம் புலம், 8 பைட் பைனரி. ஹெக்ஸ் எழுத்துகளாகவே 16 பைட் போட்டால் அதற்குப் பின் வரும் புலங்கள் எல்லாம் நகர்ந்து, பிழை வேறெங்கோ காட்டும். வடிவம் 4-இன் 16 பைட் இந்தப் புலத்தில் அடங்காது. எந்தப் புலத்தில் போடுவது என்பதை நெட்வொர்க்கின் விவரக்குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் 55 வந்தால் தவறான பின், 75 வந்தால் முயற்சி தீர்ந்தது. எல்லாக் கார்டுக்கும் 55 வருகிறதென்றால் வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டார்கள் என்று பொருளல்ல. சாவியோ கார்டு எண்ணோ பார்க்க வேண்டியது.

கடைசியாக ஒரு சோதனை. 7391 போல எளிதில் தற்செயலாக வராத ஒரு பின்னை வைத்துப் பரிவர்த்தனை ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். பிறகு எல்லா லாக் கோப்பிலும், டேட்டாபேஸிலும், நிரல் கவிழ்ந்தபோது விழுந்த நினைவகக் கோப்பிலும் 7391, 047391 என்பவற்றைத் தேடுங்கள், எழுத்தாகவும் பைனரியாகவும். கார்டு எண் கலந்த பிளாக்கில் பின்பாதி மாறியிருக்கும் என்பதால் 0473-ஐயும் தேட வேண்டும். கார்டு எண், நேரமுத்திரை என்று பொய்யாகப் பல வரும், ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். பிழைதிருத்த வசதியை முழு அளவில் திறந்து வைத்த நிலையில் இதைச் செய்வது முக்கியம், ஏனென்றால் உற்பத்தியில் சிக்கல் வரும் இரவில் யாரோ ஒருவர் அதைத்தான் திறப்பார்.